நாணயத்தின் நாணயம்: இணைய ஏலமும் தரச்சான்றில்லாப் பழம்பொற்காசுகளும்

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. கையில் புழங்கும் காசையும் அது குறிக்கும். மனிதரின் நேர்மையையும் அது குறிக்கும். வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வணிகம் செய்த நாளில் இவ்விரு பொருளும் இணைந்தே நடந்தன. கைபேசித் திரையிலே காசைப் பார்த்து, கண்காணாத ஒருவருக்குப் பணத்தை அனுப்பி, அஞ்சலில் பொருளைப் பெறும் இந்நாளில் முதற்பொருள் மட்டும் வந்து சேர்கிறது. இரண்டாம் பொருள் பல வேளைகளில் வந்து சேர்வதில்லை. அரிய பொற்காசுகளை இணைய ஏலத்தில் எடுப்பதில் உள்ள இடர்களை ஈண்டு விளக்க முற்படுகிறோம். இதனை எழுதத் தூண்டியது ஏட்டறிவு அன்று. நம் துறையின் வாயிலில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், படிப்பு முடித்து ஊரில் வேளாண்மையைக் கவனித்து வருகிறார். வரலாற்றில் ஆர்வமிக்கவர். மரவள்ளி அறுவடையில் வந்த பணத்தோடு, தங்கையின் திருமணத்திற்கெனச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பகுதியையும் சேர்த்து, இணைய ஏலமொன்றில் ‘திப்பு சுல்தான் காலத்துப் பொன் வராகன்’ ஒன்றை எடுத்தார். தியாகதுருகம் கோட்டையின் அருகே வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்தது என்று விற்றவர் எழுதியிருந்தார். காசு வந்தது. கள்ளக்குறிச்சியில் தமக்குத் தெரிந்த பொற்கொல்லரிடம் அவர் அதைக் காட்டினார். உரைகல்லில் தேய்த்துப் பார்த்த பெரியவர், “பொன் நல்ல பொன்தான் தம்பி, இருபத்திரண்டு காரட் நிற்கிறது. ஆனால், இது பழைய காசா என்று என் கல் சொல்லாது” என்றார். அந்த ஒரு சொல்லில்தான் இக்கட்டுரையின் சாரம் முழுதும் அடங்கியிருக்கிறது.

மாணவர் காசை நம்மிடம் கொண்டுவந்தார். நாம் அதனை அரபுத் துறைப் பேராசிரியரிடம் காட்டினோம். திப்பு தம் பொற்காசுகளுக்குச் சமயச் சான்றோர் பெயர்களையே சூட்டினார். ஒரு வராகன் மதிப்புள்ள காசுக்கு, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரால் ‘ஃபாரூக்கி’ என்று பெயர். 1787ஆம் ஆண்டையொட்டி அவர் ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, ‘மௌலூதி’ என்னும் புதிய ஆண்டுமுறையைக் காசுகளில் பொறிக்கலானார். அம்முறையில் ஆண்டின் எண்களை, அரபு எழுத்தைப் போலவே வலமிருந்து இடமாக எழுதுவது வழக்கம். மாணவர் வாங்கிய காசிலோ 1218 என்னும் எண் இடமிருந்து வலமாகவே இருந்தது. மௌலூதி 1218 என்றால் கி.பி. 1790ஐ ஒட்டிய காலம். ஆனால், எண்ணின் வரிசை பொருந்தவில்லை. ஹிஜ்ரி 1218 என்று கொண்டால், அது கி.பி. 1803இல் தொடங்குவது, திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்ததோ 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள். எவ்வாறு நோக்கினும் அக்காசு திப்புவின் அக்கசாலையில் பிறந்தது அன்று. பொன் மெய், காசு பொய். பொன்னின் விலையைப் போல் ஐந்து மடங்கு கொடுத்து வாங்கியிருந்தார் நம் மாணவர்.

வண்ணக்கர் மரபு

நம் முன்னோர் இவ்விடரை அறியாதவர் அல்லர். காசின் தரம் நோக்குவதற்கென்றே தனித் தொழிலர் இருந்தனர். அவர்க்கு ‘வண்ணக்கர்’ என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அத்தொழிற்பெயர் இணைந்து வருவதைக் காண்கிறோம். புறநானூற்றின் 125ஆம் பாட்டைப் பாடியவர் வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார். அப்பாட்டில் போற்றப்படுபவன் தேர்வண் மலையன். இன்றைய கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர்ப் பகுதிகளை உள்ளடக்கிய மலையமான் நாட்டின் தலைவன். காசு நோக்கும் குடிப்பெயர் தாங்கிய புலவர் ஒருவர் நம் வட்டாரத் தலைவனைப் பாடியிருப்பது, இப்பொருளை ஆராயும் நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

சோழர் காலத்திலும் பொன்னைப் பெயர் சொல்லி நிறுத்தனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்ததாகக் குறிக்கின்றன. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் எழுதி வைத்த எச்சரிக்கை அது. இசுலாமிய உலகிலும் இவ்வெச்சரிக்கை இருந்தது. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) கலீஃபா அப்துல் மலிக் உருவம் நீக்கி எழுத்து மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டபோது, அதன் எடையையும் ஏறத்தாழ நாலேகால் கிராம் என ஒழுங்குபடுத்தினார். காசு மாற்றுவோரைக் குறிக்கும் ‘ஸர்ராஃப்’ என்னும் அரபுச் சொல்லே நம் ஊர்க் கடைத்தெருவில் ‘ஷராப்’ என வழங்குகிறது. வண்ணக்கர், ஷராப், பொற்கொல்லர் ஆகிய மூவரும் விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையே நின்ற நடுவர்கள். இணைய ஏலம் இந்நடுவரை நீக்கிவிட்டது. அவரிடத்தில் இன்று நிற்பது ஒரு நிழற்படமும் நான்கு வரிக் கதையும்தான்.

நம் மண்ணின் காசுகள்

கதைக்கு இடம்தரும் மண் நம்முடையது. ஆதலால் நாம் கூடுதலாக விழிப்போடு இருத்தல் வேண்டும். பெண்ணையாற்றங்கரையின் திருக்கோவிலூர்ப் பகுதியில் மலையமான் காசுகள் கிடைத்துள்ளன. குதிரை உருவம் பொறித்த இவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். இவை பெரும்பாலும் சிறிய செப்புக்காசுகள் என்பதை நினைவிற் கொள்க. ‘மலையமான் பொற்காசு’ என்று எவரேனும் விற்க வந்தால், அப்பெயரே நமக்கு முதல் ஐயத்தைத் தர வேண்டும். 1992ஆம் ஆண்டில் திருக்கோவிலூரில் நூற்றுக்கு மேற்பட்ட உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்றும் வெளிப்பட்டது. விசயநகர வராகனும் பணமும், மைசூர் வராகனும், கும்பினியார் காசுகளும் அடுத்தடுத்து இங்குப் புழங்கின. தியாகதுருகம் கோட்டை மைசூர்ப் போர்க் காலத்தில் படைகள் மோதிய இடம். ஆகவே, ‘இங்கே பொற்காசு கிடைத்தது’ என்னும் கதை எளிதில் நம்பத் தகுந்ததாகிறது. நம்பத் தகுந்த கதையே ஏமாற்றுபவரின் முதலீடு.

காசு என்றால் நம் வீட்டுப் பெண்டிர்க்கு நினைவில் எழுவது பவுன். இங்கிலாந்தின் ‘சாவரின்’ பொற்காசே நம்மிடையே ‘சவரன்’ ஆயிற்று. அதன் எடை 7.988 கிராம், அதனை ஒட்டியே 8 கிராமைப் பவுன் என்று கணக்கிடுகிறோம். 1918ஆம் ஆண்டில் மட்டும் பம்பாய் அக்கசாலையிலும் சாவரின் அச்சிடப்பட்டது. அதனை அடையாளங்காட்ட ஒரு சிற்றெழுத்து அதில் உண்டு. இத்தகைய சிற்றெழுத்து ஒன்றே காசின் மதிப்பை உயர்த்துவதால், வேறு காசில் அவ்வெழுத்தைப் பொறித்து விற்கும் சூழ்ச்சியும் எழுந்தது.

தரப்படுத்தல் என்பது யாது?

அரிய காசொன்றின் விலையை மூன்று கூறுகள் அமைக்கின்றன: அதிலுள்ள பொன், அது எத்துணை அரிது என்பது, அது எந்நிலையில் உள்ளது என்பது. மூன்றாவதையே ‘தரம்’ என்கிறோம். அமெரிக்க அறிஞர் ஷெல்டன் 1949இல் இதற்கென 1 முதல் 70 வரையிலான அளவுகோல் ஒன்றை வகுத்தார். எழுத்தும் உருவமும் தேய்ந்து காசு இன்னதென்று மட்டும் அறியக்கூடிய நிலை 1; குறையேதுமின்றி அக்கசாலையிலிருந்து வந்த நிலை 70. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்னும் நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. காசு மெய்யானதா என ஆராய்ந்து, தரத்தை எண்ணால் குறித்து, ஒளி ஊடுருவும் பெட்டியில் வைத்து முத்திரையிட்டுத் தருவது இவற்றின் பணி. ஒரே ஆண்டுக் காசாயினும் தரத்தில் சில எண்கள் ஏறினால் விலை பன்மடங்கு ஏறுவதுண்டு. ஆகவே, தரச்சான்றில்லாத காசை வாங்குபவர், விற்பவரே தம் காசுக்கு இட்ட மதிப்பெண்ணுக்கு விலை கொடுக்கிறார். தேர்வெழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வதற்கு இஃது ஒப்பாகும்.

‘அப்படியாயின், நம் பழங்காசுகளை அங்கு அனுப்பிச் சான்று பெறலாமே’ என வினவலாம். நூறாண்டுக்குக் குறையாத காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதனைத் தனியார் தம் விருப்பம்போல் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். ஆறு மாதத்திற்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. நம் நாட்டின் பழம்பொற்காசுகளுள் மிகப்பல தரச்சான்றின்றியே விற்கப்படுவதற்கு இஃது ஒரு காரணம். சான்றுப் பெட்டியிலும் போலி உண்டு என்பதையும் மறத்தல் ஆகாது. பெட்டியின் எண்ணை அந்நிறுவனத்தின் பதிவோடும், பதிவிலுள்ள படத்தைக் காசோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் தேவை.

போலியின் வகைகள்

முதல் வகை, பித்தளைக்குப் பொன்முலாம் பூசியது. இதனை எடையே காட்டிக்கொடுக்கும். தூய பொன் தண்ணீரைப் போல் 19.3 மடங்கு கனமானது. 22 காரட் பொன் ஏறத்தாழ 17.5க்கும் 18க்கும் இடைப்பட்டது. பித்தளை அதில் பாதியளவே. ஆயினும் டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தி 19.25 ஆதலின், தடித்த பொற்கட்டிகளின் நடுவே அதை வைத்து எடைச் சோதனையையும் ஏமாற்றுவோர் உளர்.

இரண்டாம் வகை வார்ப்புக் காசு. பழங்காசுகள் அச்சில் வைத்து அடிக்கப்பட்டவை. வார்ப்பிலோ எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், பரப்பில் நுண்குமிழ்கள் தெரியும், ஓரத்தில் பொருத்திய கோடு இருக்கும். கையால் அடித்த காசுகளில் இரண்டு முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. வெவ்வேறு ஏலங்களில் ஒரே கீறலும் ஒரே நெளிவும் கொண்ட இரு காசுகளைக் கண்டால், இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை என்று துணியலாம்.

மூன்றாம் வகை மிகக் கொடியது. நல்ல பொன்னில், புதிதாக வெட்டிய அச்சால், முறையாகவே அடிக்கப்பட்ட போலி. செருமானியரான பெக்கர் (1772–1830) என்பார் கிரேக்க, உரோமக் காசுகளுக்குத் தம் கையாலேயே அச்சு வெட்டியவர். புதுக்காசுகளை இரும்புத்தூளோடு ஒரு பெட்டியிலிட்டுத் தம் வண்டியின் அடியில் பொருத்தி ஊர்சுற்றி, அவற்றுக்கு முதுமை ஏற்றினார் என்பர். நம் மாணவரிடம் வந்தது இவ்வகையே. உரைகல்லும், இன்றைய ஹால்மார்க் முத்திரையும் பொன்னின் மாற்றைச் சொல்லும். காசின் பிறப்பைச் சொல்லா.

நான்காம் வகை, மெய்யான காசையே திருத்தியது. மாலையில் கோக்கப் பற்றவைத்த வளையத்தை நீக்கி மெருகேற்றுவர், துளையை அடைப்பர், தேய்ந்த எழுத்தைச் செதுக்குவர். இங்குப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்: வீட்டிலுள்ள பழங்காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். பளபளப்பு கூடும், சேகரிப்போர் தரும் மதிப்பு குறைந்துவிடும்.

ஏலத் திரையின் உத்திகள்

காசின் எடையும் விட்டமும் தராமல் ‘அரிது, மிக அரிது’ என்று மட்டும் எழுதுவது முதல் உத்தி. வேறொருவர் காசின் படத்தைத் தம் காசின் படமாகக் காட்டுவது இரண்டாவது. தம் ஆட்களையே வெவ்வேறு பெயரில் கேட்கச்செய்து விலையை ஏற்றுவது மூன்றாவது. ஊர்ச் சந்தையில் மாட்டுக்குப் பொய்விலை கேட்கும் ஆளை நாம் முகத்தால் அறிவோம்; திரையிலோ அவருக்கு முகமில்லை. இறுதி மணித்துளிகளின் பரபரப்பு நான்காவது. வரம்பிட்டு வந்தவரும் அப்போது வரம்பு மீறுவர். ‘உள்ளது உள்ளபடி; திரும்பப் பெறப்படாது’ என்னும் சிறிய வரி ஐந்தாவது. எடுத்த விலைக்கு மேல் தரகும் வரியும் வந்து சேர்வதையும் பலர் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. ‘உங்கள் பழங்காசை இலட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்’ என்று விற்க விரும்புவோரை ஏமாற்றுவதும் உண்டு. தன் பெயரைச் சொல்லி இவ்வாறு கட்டணம் கேட்பது மோசடி என்றும், பழங்காசு வணிகத்தில் தனக்கு எத்தொடர்பும் இல்லை என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் நாள் எச்சரித்தது.

கதை மெய்யானால்?

காசு போலி என்பது ஓர் இடர். காசும் கதையும் மெய்யாகவே இருந்தால் வேறோர் இடர் எழுகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பை மிஞ்சினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இச்சட்டம் கண்டெடுத்தவரை வெறுங்கையோடு அனுப்புவதன்று என்பதை ஊரார் பலர் அறியார். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தருதல் வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையலில், நிலத்துக்கு உரியவர் உரிமை கோரி, வேறு உடன்பாடு இல்லாவிடத்து, கண்டவர்க்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவர்க்கு ஒரு பங்கும் சேரும்.

ஆகவே, ‘கடைக்கால் தோண்டியபோது கிடைத்தது’ என்று விற்பவரின் கூற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கதை பொய்யானால் காசும் ஐயத்துக்குரியது. கதை மெய்யாகி, ஆட்சியருக்கு அறிவிக்கப்படாதிருந்தால் அவ்விற்பனையே வழக்குக்கு உரியது. எவ்வழியிலும் இழப்பவர் வாங்குபவரே. மண்ணிலிருந்து பெயர்த்துக் களவாக விற்ற காசோடு வரலாறும் இழக்கப்படுகிறது. எந்த ஊரில், எந்தப் பானையில், எவ்வகைக் காசுகளோடு கிடைத்தது என்பதே ஆய்வாளர்க்குச் செல்வம். திருக்கோவிலூர்ப் புதையல் ஊர்ப்பெயரோடு நமக்குத் தெரிந்திருப்பதால்தான் பெண்ணையாற்றங்கரையின் பழைய வாணிகத்தைப் பற்றிப் பேச முடிகிறது. அதே காசுகள் ஒவ்வொன்றாக ஏலத்தில் சிதறியிருந்தால் அவை ஊரற்ற பொன்னாய் முடிந்திருக்கும்.

செய்யத் தக்கன

காசை வாங்குமுன் அக்காசைப் பற்றிய நூலை வாங்குக. எடை, விட்டம், இருபக்கப் படம், முன்னர் யாரிடம் இருந்தது என்னும் வரலாறு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுக. தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்வோர்க்கு உரிமம் வேண்டும்; அதனைக் கேட்கத் தயங்காதீர். போலியெனத் தெரிந்தால் திரும்பப் பெறும் உறுதி இல்லாத இடத்தில் வாங்காதீர். பொன்னின் விலைக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அறிவுக்குக் கொடுக்கும் விலை. அவ்வறிவு நம்மிடம் இல்லையேல் அந்த ரூபாயையும் கொடுத்தல் ஆகாது. ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். சேமிப்புக்காகப் பொன் வேண்டுவோர் ஹால்மார்க் முத்திரையிட்ட பொன்னை வாங்குதலே சாலும்.

மாணவரின் கதைக்கு மீள்வோம். காசு போலி என்றறிந்த பின்னும் சில நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். “ஐயா, பொன் நல்ல பொன்தானே? துறைத் தாளில் ‘பழங்காசு போல் தோன்றுகிறது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும். போட்ட பணத்தை எடுத்துவிடுவேன், தங்கை திருமணம் நெருங்குகிறது” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நம்முள் ஒருவர்க்கும் உடனே மறுமொழி சொல்ல நா எழவில்லை. அவ்வொரு வரியை நாம் எழுதியிருந்தால், அவரை ஏமாற்றியவருடைய நான்கு வரிக் கதையோடு நம் வரி ஐந்தாவதாகச் சேர்ந்திருக்கும். வண்ணக்கரின் இடத்தில் நம்மை வைத்து ஒருவர் கேட்கிறார். அவ்விடத்தில் நின்று பொய் சொல்ல நமக்கு உரிமையில்லை. மறுத்தோம்.

அவர் வருத்தத்தோடுதான் சென்றார். அடுத்த மாதம் தொலைபேசியில் பேசினார். வீட்டில் நடந்ததைத் தாயாரிடம் சொன்னாராம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார், “நாம் ஏமாந்தது நம்மோடு போகட்டும் சாமி, இன்னொருத்தர் வீட்டுக்கு அது போக வேண்டாம்” என்றாராம். காசு அதே பொற்கொல்லரிடம் சென்றது. எடைக்குரிய விலை கிடைத்தது, எஞ்சியது இழப்பு. உருக்குமுன் பெரியவர் அதனை மற்றொரு முறை கல்லில் தேய்த்துப் பார்த்தாராம்.

பொன்னின் மாற்றைக் கல் சொல்லும். காசின் மெய்யைக் கற்றவர் சொல்ல வேண்டும். கற்றவரும் விலைக்குச் சொல்லத் தொடங்கினால், பின்னர் எந்தக் கல்லில் எதைத் தேய்ப்பது? நம் மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.